பரிசாரியின் பச்சை எண்ணெய்

எனக்குக் கன்னத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது ஊரில் பாதிப்பேர் கவலைப்பட்டார்கள், மீதிப்பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களில் எனக்குக் கோபமில்லை. பூவரசங்குளத்துக்கு அப்பால் எங்கள் குடியேற்றத் திட்டத்தில் நான்தான் பரிசாரி. நாட்டு வைத்தியன். வயலும் செய்வேன், வைத்தியமும் பார்ப்பேன். தீப்புண், கரப்பன், அக்கி, படை என்று தோலில் எது வந்தாலும் சனம் என் வாசல் படலையைத்தான் திறக்கும். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு என்னிடம் வருகிறவர்களை நான் ஏசாமல் விட்டதில்லை. "அங்கை குடுத்த குளிசை எல்லாத்தையும் விழுங்கிப்போட்டு இப்ப என்னட்டை ஏன் வந்தனீ?" என்று கேட்பேன். பிறகு மருந்து கொடுப்பேன். வாய் பொல்லாதது, கை நல்லது என்று என்னைப் பற்றி ஒரு கதை ஊரில் உண்டு.

அந்த வாய்க்குள்தான் வந்தது. இடது கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படலம், வெற்றிலையும் புகையிலையும் அடக்குகிற அதே இடத்தில். வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டது என்று நினைத்தேன். கடுக்காய் அவித்துக் கொப்பளித்தேன். நாலு மாதம் கொப்பளித்தேன். படலம் புண்ணாகி, புண் தடித்து, வாயை அகலத் திறக்க முடியாமல் வந்தது. அப்போதும் நான் அசையவில்லை. என் மனிசிதான் ஒருநாள் காலை சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ. வவுனியாவுக்குப் போறம்."

"எனக்கு வைத்தியம் தெரியாதெண்டே நினைக்கிறாய்?"

"ஊருக்குப் பாக்கத் தெரியும். உங்களுக்கு நீங்களே பாக்கத் தெரியாது. எழும்புங்கோ."

வவுனியா ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். நோயாளியின் முன்னால் முகத்தை மாற்றாமல் வைத்திருக்க நான் முப்பது வருடம் பழகியவன், அந்தப் பிள்ளைக்கு அது இன்னும் படியவில்லை. விறைக்க ஊசி போட்டுப் புண்ணின் ஓரத்தில் அரிசி அளவு சதை வெட்டி எடுத்தார்கள். அதைப் பயொப்சி என்கிறார்கள். அந்தத் துண்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தால் இது சாதாரணப் புண்ணா, புற்றா என்று தெரிந்துவிடும். துண்டு கொழும்புக்குப் போய் முடிவு திரும்பி வர ஐந்து கிழமை. அந்த ஐந்து கிழமையும் நான் வயலுக்குப் போனேன், வந்தேன், யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எல்லாரிலும் எரிந்து விழுந்தேன். மனிசி சோற்றை இன்னும் மெத்தெனக் குழைத்துத் தந்தாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

புற்றுத்தான். கொழும்புப் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட் பிடிக்க வேண்டும் என்றார்கள். கதிர் பாய்ச்சுகிற சிகிச்சைக்கு நாங்கள் எல்லாரும் சொல்கிற பெயர் கரண்ட். சண்டைக் காலம், ஆமி தருகிற அனுமதித் துண்டு இல்லாமல் வவுனியாவைத் தாண்ட முடியாது; அந்தப் பாஸ் எடுக்க ஒன்பது நாள் அலைந்தோம். ரயிலேறிப் போனோம். மனிசி வெள்ளவத்தையில் தன் பெரியம்மாவின் மகள் வீட்டில் ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு, பொலிசில் பதிந்த துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, ஒவ்வொரு நாள் மத்தியானமும் இரண்டு பஸ் மாறிக் கஞ்சியோடு வருவாள். சிங்களத்தில் அவளுக்கு இரண்டு சொல்தான் தெரியும், இறங்கும் இடத்தின் பெயரும், ஐயா என்பதற்கு "மாத்தயா"வும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நாளும் தவறாமல் வந்து சேர்ந்தாள்.

கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகிறவர்கள் எல்லாரும் அதை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள். முதல் நாள் கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் கதிர் பாயும், அதனால் அழியவிடக்கூடாது. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு தடித்த கதவுள்ள அறைக்குள் தனியே படுக்க விட்டுவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். ஒரு மெஷின் உறுமும். நோவில்லை, சூடுமில்லை. "இதுக்கோ இவ்வளவு ஆரவாரம்?" என்று முதல் நாள் மனிசியிடம் கேட்டேன். கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது. அதன் குணம் மூன்றாம் கிழமையில்தான் தெரியும். வாய் முழுக்க வெந்து, தண்ணீர் குடித்தாலும் மிளகாய் தின்றது மாதிரி இருக்கும். வெளித்தோல் சிவந்து, கறுத்து, உரியும்.

தாதிமார் முதல் நாளே சட்டம் சொன்னார்கள். கோட்டுக்குள் சவர்க்காரம் போடக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, எந்த மருந்தும் கூடாது. வெறும் தண்ணீரை மெல்ல ஊற்றி, பழைய பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். எங்கள் வாட்டுத் தாதிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "அப்பு, ஒண்டும் பூச வேணாம், சரியா? பூசினா பெரிய டொக்டர் வீட்டுக்கு அனுப்பும்," என்று என் மூக்குக்கு நேரே விரலை ஆட்டிச் சொன்னாள். ஓம் என்றேன். என் பையின் அடியில், உடுக்கிற சறத்துக்குள் சுற்றி, ஒரு போத்தில் எண்ணெய் இருந்தது.

அந்த எண்ணெய் எங்கள் அப்பர் வடமராட்சியிலிருந்து காணி கிடைத்து இங்கே வந்தபோது கொண்டுவந்த வைத்தியம். தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும், குப்பைமேனிச் சாறு, மஞ்சள், இவற்றோடு ஐந்தாவதாக ஒரு சரக்கு. எண்ணெய்க்குப் பச்சை நிறம் கொடுப்பது அந்த ஐந்தாவதுதான். தீப்புண்ணுக்குப் பூசினால் ஆறும், நான் எத்தனையோ பேருக்கு ஆற்றியிருக்கிறேன். அப்பர் கண் மூடும் முன் எனக்கு அதைச் சொல்லித் தந்தபோது கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். ஐந்தாவது சரக்கை வாய்விட்டுச் சொன்னால் மருந்து பலிக்காது, சொன்னவனின் கைராசியும் போய்விடும் என்றார். எங்கள் பக்கத்துப் பரிசாரிமார் எல்லாருக்கும் இது உள்ளதுதான். ஒவ்வொருவனும் ஒரு சரக்கை ஒளித்து வைத்திருப்பான்.

மூன்றாம் கிழமை என் கன்னம் கறுக்கத் தொடங்கியதும் எடுத்துப் பூசினேன். பின்னேரம் பூசுவேன், விடிய எழும்பி நன்றாகக் கழுவிவிடுவேன், தாதிக்கு மணம் தெரியக்கூடாதென்று. கன்னம் கறுத்ததே தவிர வெடிக்கவில்லை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. பார்த்தாயா, வெள்ளைச் சட்டைக்காரருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர்.

பக்கத்துக் கட்டிலில் தவராசா. பரந்தன்காரன், நாற்பது தாண்டாத மனிதன், அங்கே கெமிக்கல் பக்டரி மூடும்வரை அதில் வேலை செய்தவன். குரல்வளைக்குப் பக்கத்தில் கட்டி. இயக்கத்தின் பக்கத்திலிருந்து வர ஒரு பாஸ், ஆமியின் பக்கத்தில் நிற்க இன்னொரு பாஸ் என்று அவன் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் என்னுடையது கல்யாணப் பயணம். அவன் மனிசி மலரும் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேயே. அவனைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள், அதனால் என் மனிசி கஞ்சியை இரண்டாகப் பிரிப்பாள். உழுந்தை நன்றாக அவித்துத் துணியில் வடித்து, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துத்தான் தருவாள். எதிர்க்கட்டில் சிங்கள ஐயா, அவரும் என்னைப் போல வயல் செய்கிற கமக்காரன், தனக்கு வருகிற செவ்விளநீரில் ஒன்றைப் பேசாமல் எங்கள் கட்டில்களுக்கு நடுவே வைத்துவிட்டுப் போவார்.

தவராசாவின் கழுத்து சிவந்து எரியத் தொடங்கியது. சட்டைக் கொலர் முட்டினாலே துள்ளுவான்.

"அண்ணை, உங்கட கன்னம் வெடிக்கேல்லை. என்ன செய்தனியள்?"

எனக்கு அந்தக் கேள்வி தேனாக இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு போத்திலை எடுத்துக் காட்டினேன். அவன் அதை யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தான்.

"நல்ல பச்சை. என்ன அண்ணை போட்டிருக்கிறியள்?"

"நாலு சரக்குச் சொல்லுவன். அஞ்சாவதைக் கேளாதை. சொன்னால் பலிக்காது."

"சரி, கேக்கேல்லை. எத்தினை நேரம் பூசிறது?"

"ரெண்டு நேரம். காலமையும் பின்னேரமும். தடிப்பாய்ப் பூசு."

காலையும் பூசு என்று ஏன் சொன்னேன்? நான் ஒரு நேரந்தான் பூசினேன். ஒரு நேரத்துக்கே என் தோல் இப்படி நிற்கிறது, இரண்டு நேரம் பூசினால் இவனுக்குப் பூவாக ஆறும் என்ற கணக்கு. நோயாளிக்குக் கூடக் கொடுத்துப் பெயரெடுக்கிற ஆசை. அவனும் சொன்னபடி செய்தான். காலையில் தடிப்பாகப் பூசி, மினுக்கமும் மணமும் தெரியாமல் ஒரு லேன்சுத் துணியால் மேலே ஒற்றிவிட்டு, அப்படியே கரண்டுக்குப் போனான்.

எட்டாம் நாள் அவன் கழுத்துத் தோல் கழன்றது. உரிந்தது என்று சொல்ல மாட்டேன். அவித்த உருளைக்கிழங்கில் தோல் வருவது மாதிரி வந்தது. அடியில் பச்சைப் புண், நீர் வடிந்தது. முப்பது வருடத்தில் எத்தனையோ தீப்புண் பார்த்தவன் நான். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, இது என் எண்ணெய் செய்த வேலை.

பெரிய டொக்டர் வந்தார். குனிந்து பார்த்தார். தாதியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் தவராசாவிடம் கேட்டாள்.

"ஏதும் பூசினதா? உண்மை சொல்லு."

தவராசா என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லை மிஸ். ஒண்டும் பூசேல்லை," என்றான்.

நான் கட்டிலில் இருந்தேன். வாய்ப்புண் என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் அன்று எனக்குப் பேச முடியும். ஒரு சொல் சொல்லவில்லை. டொக்டர் அட்டையில் எழுதினார். அவர் போனபின் தாதி சொன்னாள், ஒன்றும் பூசாமலே தோல் இப்படி வெந்தால் இந்த உடம்பு கரண்டைத் தாங்காதென்று அர்த்தமாம், இனி முழுதாக நிற்பாட்டலாமா என்று யோசிக்கிறாராம். தவராசாவுக்குப் பதினெட்டுக் கரண்ட்தான் ஆகியிருந்தது. பாதியில் விட்டால் கட்டி திரும்ப வளரும் என்று வாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மத்தியானம் மனிசி வந்தாள். தவராசாவின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்தேழு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள், அவளுக்கு என் முகம் போதும். என்னை வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எண்ணெய் குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"அஞ்சாவது சரக்கைச் சொல்ல வேண்டி வரும். அப்பருக்குச் சத்தியம் பண்ணினது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். "அப்பர் செத்துப் போனார்," என்றாள். "அந்த மனிசன் உள்ளுக்கை உயிரோடை கிடக்கு. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். நீங்கள் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுறன், எனக்குப் பாஷை தெரியாட்டிலும் சொல்லுவன்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கஞ்சிப் பாத்திரத்தை என் கையில் தந்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

ஆனாலும் அன்று நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. சத்தியம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், அதைவிடப் பெரிது வெட்கம். தோலுக்குப் பரிசாரி என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன், ஒரு மனிதனின் தோலை அவித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. எனக்கு இன்னும் ஒன்பது கரண்ட் இருந்தது. நான் பிழைக்க ஆசைப்பட்டேன்.

மூன்றாம் நாள், தவராசாவைப் புண்ணுக்கு மருந்து கட்டக் கூட்டிக்கொண்டு போன நேரம், போத்திலை எடுத்துக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போனேன். தாதி கூட வந்தாள். மேசையில் போத்திலை வைத்து, தவராசா பூசியது நான் கொடுத்த இந்த எண்ணெய்தான் என்று காட்டி, நாலு சரக்கும் சொன்னேன். ஐந்தாவதற்கு வாய் வரவில்லை. தாதி என் முதுகில் கை வைத்து, "சொல்லுங்க அப்பு," என்றாள். "துருசு," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. வயலில் பூஞ்சணத்துக்கு அடிக்கிற நீலக் கல், செம்பிலிருந்து வருவது என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். டொக்டருக்கு விளங்கியது.

அவர் ஏசியதை முழுக்கத் தாதி மொழிபெயர்க்கவில்லை என்று நினைக்கிறேன். விளக்கத்தை மட்டும் சொன்னாள். கதிர் தோலுக்கு அடியில் இருக்கிற கட்டியில் போய் வேலை செய்யும்படி அளந்து விடுகிறார்களாம். மேலே தடிப்பாக எண்ணெய் இருந்தால் கதிர் தோலிலேயே தங்கிவிடுமாம், எண்ணெயில் உலோகமும் சேர்ந்தால் இன்னும் மோசமாம். நெருப்புச் சுட்ட புண் வேறு, இது வேறு. நெருப்பு ஒருதரம் சுட்டுவிட்டுப் போய்விடும், இது நாளைக்கும் வரும். முப்பது வருடம் தோல் பார்த்த எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சுட்டது எல்லாம் சூடு, சூட்டுக்கு என் எண்ணெய் என்று நினைத்தேன்.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. போத்திலை வாங்கித் தொட்டியில் ஊற்றினார்கள். காரணம் தெரிந்தபடியால் புண் ஆறினதும் தவராசாவுக்குத் திரும்பத் தொடங்கலாம் என்றார் டொக்டர். நான் வாசலுக்கு வந்தபோது தாதி மறித்தாள். "அப்பு, அந்தத் தம்பிக்கும் நீங்களே சொல்ல வேணும். வீட்டை போய்த் திரும்பப் பூசினா?"

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எண்ணெய் முடிந்துவிட்டது, இனிப் பூச வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். "சரி அண்ணை," என்றான், வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் தன் இளநீரில் பாதியை எனக்கு நீட்டினான். நான் குடித்தேன்.

ஊதா மருந்து தொட்டு, ஈரத்துணி போட்டு, தாதிமார் பதினாறு நாளில் அவன் புண்ணை மூட வைத்தார்கள். எந்த மந்திரமும் இல்லை. தண்ணீரும் துணியும் பொறுமையும்தான். கரண்ட் திரும்பத் தொடங்கியது. ஆனால் அந்தப் பதினாறு நாளை அவன் பாஸ் பொறுக்கவில்லை. நீட்டித் தரச் சொல்லி டொக்டர் கடிதம் கொடுத்தார், ஒருதரம் நீட்டினார்கள், மறுதரம் மறுத்தார்கள். அவன் ஊருக்குப் போகிற பாதையைப் பூட்டப் போகினமாம் என்ற கதையும் வந்தது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விட்டுவிட்டு இந்தப் பக்கம் எப்படி நிற்பான்? இன்னும் ஆறு கரண்ட் இருக்க, பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். நான் கிளினிக்குக்கு என்று வெள்ளவத்தையில் தங்கியிருந்த நாள் அது. விடைபெற வந்தவன் என் மனிசியைக் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, உங்கட கஞ்சியிலைதான் நான் எழும்பினனான்," என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று என்னை நானே ஏமாற்றினேன்.

எனக்குச் சுகம் வந்தது. கன்னம் ஒரு பக்கம் கறுத்துக் கிடக்கிறது, எச்சில் குறைவு, சோற்றைக் குழைத்துத்தான் தின்ன வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன், கட்டி இல்லை என்கிறார்கள். ஊர்ச்சனம் மருந்துக்கு வந்தால் தோலைத் தவிர மற்றதற்குக் கொடுக்கிறேன். தோல் என்றால் வவுனியாவுக்குப் போகச் சொல்கிறேன். வாய் பொல்லாத பரிசாரி சாதுவாகிவிட்டார் என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

போன மாசி மாதம் யாரோ ஒரு பொம்பிளையைச் சைக்கிளில் ஏற்றிவந்து படலையில் இறக்கிவிட்டுப் போனார். மெலிந்த, வெயிலில் கறுத்த முகம். வவுனியாவில் மூன்று நாள் நிற்கப் பாஸ் கிடைத்ததாம், விசாரித்து விசாரித்து வந்தாளாம்.

"நான் தவராசாவின்ர மனிசி, மலர்," என்றாள்.

என் மனிசி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். பிளேன்ரீ கொடுத்தோம். அவள் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணை, அவருக்குப் பழைய இடத்திலை கட்டி திரும்ப வந்திட்டுது. இப்ப வெடிச்சுப் புண்ணாய்க் கிடக்கு. எழும்ப ஏலாது. அங்கை பஞ்சும் இல்லை, மருந்தும் இல்லை. உங்களிட்டைத்தான் போகச் சொன்னவர். உங்கட எண்ணெய் ஒரு போத்தில் வாங்கிக்கொண்டு வரட்டாம்."

மனிசி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அந்த எண்ணெய் வேண்டாம். அது..." என்று தொடங்கினேன்.

"இல்லை அண்ணை, பொறுங்கோ, அவர் சொல்லிவிட்டதை நான் இன்னும் முழுக்கச் சொல்லேல்லை," என்றாள் மலர். வழியெல்லாம் மறக்காமல் பாடமாக்கி வந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "துருசு போடாமல் காய்ச்சித் தரட்டாம். பக்டரியிலை கண்ட பச்சையாம், அவருக்கு ஆஸ்பத்திரியிலையே தெரியுமாம். நீங்கள் அதுக்காக யோசிக்க வேண்டாமாம்."

பிறகு என் முகத்தையும் மனிசியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துருசெண்டால் என்ன அண்ணை?"

அவளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன்.